ஆவாரம்புதூரில் ‘ம்’ தொலைந்த கதை

இது பொய்யென்று தோன்றினால் தோன்றட்டும், எனக்கொன்றும் வருத்தமில்லை, ஆவாரம்புதூர்க்காரர்களே இதைப் பாதிதான் நம்புகிறார்கள். ஆனால் நடுவில் எழுந்து போகிற பழக்கம் உள்ளவர்கள் இப்போதே போய்விடுவது நல்லது, ஏனென்றால் பாதியில் விட்ட கதை என்னென்ன செய்யும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆவாரம்புதூரில் ஒன்பது நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். விடியலில் வருமா உச்சியில் வருமா, மேற்கு வீதிக்கு முதலிலா கிழக்கு வீதிக்கு முதலிலா என்பதெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிற ரங்கசாமிக்கும் அவருக்கு மேலே இருக்கிற கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. அதனால் அந்த ஊரில் யாரும் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மேற்கு வீதி கிழக்கு வீதியைச் சந்தேகப்பட்டது, கிழக்கு வீதி ரங்கசாமியைச் சந்தேகப்பட்டது, ரங்கசாமி தன் கையிலிருந்த வால்வுச் சாவியைத் தவிர மற்ற எல்லாரையும் சந்தேகப்பட்டார். இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கலாம் என்று பேரூராட்சி கோயமுத்தூரில் ஒரு கம்பெனியைப் பிடித்து ஓர் ஆப் செய்யச் சொன்னது. வீட்டுக்காரர்கள் போனில் பதினாலு கேள்விக்குப் பதில் சொல்லிப் பதிந்துகொண்டால், தண்ணீர் வருகிற நாளும் நேரமும் போனுக்கே வந்துவிடும் என்றார்கள். ஆப் வந்தது, ஊரெல்லாம் விளம்பரத் தட்டி வைத்தார்கள், மூன்றாவது கேள்வியைத் தாண்டி ஒருத்தரும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று பார்த்துவரக் கம்பெனி அனுப்பிய ஆள்தான் கோகிலவாணி. முப்பத்திரண்டு வயது. மனிதர்களின் விரல் போன் திரையில் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்த்து, நிற்காமல் போகிற மாதிரி மாற்றித் தருவது அவள் உத்தியோகம். ஏழு வயது மகள் மேகலையோடு வந்து பாவாயக்கா வீட்டுப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். புருஷன் எங்கே என்று பாவாயக்கா முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டாள், நமக்கு அது வேண்டாம். மேகலையை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தாயிற்று. அந்தப் பிள்ளைக்கு இடுப்புவரை முடி. தினமும் காலையில் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரட்டைச் சடை போட்டு முடிகிறவரை, முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சுவரைப் பார்த்துச் சொல்லும், பின்னாலிருந்து அம்மா ‘ம்’ சொல்வாள். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பிள்ளை மனதில் என்ன ஓடுகிறது என்று கோகிலவாணி தெரிந்துகொள்வது அந்தக் கால் மணி நேரத்தில்தான், மற்ற நேரத்தில் அவள் கேட்டாலும் மேகலை வாயைத் திறக்காது.

முதல் ஆளாகப் பாவாயக்காவைத்தான் உட்கார வைத்துப் பார்த்தாள். பாவாயக்கா போனை ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு, முதல் கேள்விக்குப் பெயரைச் சொல்லி, இரண்டாவதற்கு வீதியைச் சொல்லி, மூன்றாவது கேள்வி வந்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

“ஏனுங்கக்கா வெச்சுட்டீங்க?”

“போலீஸ்காரனாட்டம் கேட்டுக்கிட்டே போகுது கண்ணு. ஊட்டுல எத்தனை பேரு, தொட்டி எத்தனை அடின்னு. அவனுக்கு எதுக்கு அது? நாளைக்கு வந்து தொட்டிய இடிக்கறதுக்கா?”

அப்படிச் சொன்ன அதே பாவாயக்கா, வெங்காயம் உரித்து முடிப்பதற்குள், யாரும் ஒன்றும் கேட்காமலே, மூத்த மருமகள் தொட்டிக்குள் சோப்புத் தண்ணீரைக் கொட்டியதில் தொடங்கி, வீட்டில் ஏழு பேர் என்பதையும், தொட்டி நாலடி என்பதையும், மோட்டார் வைத்து இழுக்கிற அடுத்த வீட்டுக்காரன் யோக்கியதையையும், ஆக மொத்தம் பதினாலு கேள்விக்குப் பதிலையும் அதற்குமேல் கேட்காத இருபது கேள்விக்குப் பதிலையும் சொல்லி முடித்தாள். கோகிலவாணி செய்ததெல்லாம் நடுநடுவே ‘ம்’ சொன்னதுதான். நம் ஜனங்களுக்குத்தான் தெரியுமே, கதை சொன்னால் உம் கொட்ட வேண்டும், உம் கொட்டாத ஆளுக்குச் சொல்வதும் குட்டிச்சுவருக்குச் சொல்வதும் ஒன்று. கேட்கிறேன் என்பதற்கும், இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கும், மேலே சொல் என்பதற்கும் அந்த ஒரு சத்தம்தான் அத்தாட்சி. கோகிலவாணிக்கு அன்றைக்குப் பொறி தட்டியது.

கேள்விகளைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதையைப் போட்டாள். காத்தாயி என்று ஒருத்தி, இடுப்பில் குடத்தோடு, தண்ணீர் வராத எட்டு நாளும் அந்தத் தண்ணீர் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவரக் கிளம்புகிறாள், குழாய் போகிற வழியெல்லாம் கூடவே நடக்கிறாள். போன் அதைப் பேசும், பேசிக்கொண்டே வந்து நிற்கும், கேட்கிறவர் ‘ம்’ என்றால் நகரும். அமுக்குவதற்குப் பொத்தானே கிடையாது. ‘காத்தாயி வீட்டில் ஏழு பேர்’ என்று சொல்லி நிற்கும்போது, ‘எங்க ஊட்டுல அஞ்சுதான்’ என்று கேட்கிறவர் வாயிலிருந்து தானாக வந்துவிடும். இதைச் சரிபார்க்க அவளே ஆயிரக்கணக்கான தடவை போனைப் பார்த்து ‘ம்’ சொன்னாள், கிட்டே வைத்து, தூரத்தில் வைத்து, மிக்சி ஓடும்போது, சளி பிடித்த குரலில், கோபமாக இருக்கிற குரலில் என்று. ஒரே மாதத்தில் ரங்கசாமி வீட்டைத் தவிர ஊரில் உள்ள அத்தனை வீடும் பதிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், சந்தேகத்துக்குப் பேர் போனவர்களும் காத்தாயிக்கு ‘ம்’ சொன்னார்கள்.

கம்பெனி முதலாளி சந்திரகாந்த் அன்றைக்கே கூப்பிட்டார்.

“கோகிலா, பிரமாதம். ஆனா கதைய முடிச்சிராதீங்க.”

“முடிவு எழுதிட்டேன் சார். நாளைக்குப் போடறேன்.”

“முடிச்சுட்டா யாரு திரும்பத் தொறப்பாங்க? தண்ணி ஒம்போது நாளைக்கு ஒருக்கா. நமக்கு ஆளுக தெனமும் வரணும். அவ போய்க்கிட்டே இருக்கட்டும்.”

“கேக்கறவங்களுக்கு முடிவு சொல்லணுமுங்க சார். ஊர்ல அப்படித்தான்.”

“சொல்லலாம், சொல்லலாம். எழுதுனத எனக்கு அனுப்பிட்டு நீங்க அடுத்த வேலையப் பாருங்க.”

அனுப்பிவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு, அது தப்பென்று அப்போதே அவள் மனதுக்குப் பட்டது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. அன்றிலிருந்து காத்தாயி, மலையடிவாரத்தில் ஓர் இரும்புக் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் கதை, துருவின்மேல் எறும்பு போகிறது என்று ஒரு நாள் கதை, எறும்பு திரும்பி வருகிறது என்று ஒரு நாள் கதை. கதவு மட்டும் திறக்கவில்லை. ஊரும் தினமும் போனை எடுத்து ‘ம்’ சொல்லிவிட்டு வைத்தது.

அவள் அப்படி நின்ற தொண்ணூறாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பாவாயக்கா தன் புருஷன் குப்பண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஆட்டுக்குட்டி வேலி தாண்டிப் போய் அடுத்தவன் சோளத்தை மேய்ந்த கதையைச் சொன்னாள். முப்பது வருஷமாக அவள் சொன்னதற்கெல்லாம் தட்டைப் பார்த்தபடியே ‘ம்’ சொல்லி வந்த மனுஷனிடமிருந்து அன்றைக்குச் சத்தமே இல்லை. காது மந்தமாகிவிட்டதோ என்று பார்த்தாள், பிறகு வேறு எவளையாவது நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்று பார்த்தாள். குப்பண்ணன் உதட்டைக் குவித்துப் பார்த்தார், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், வரவில்லை. அவர் “ஏம்புள்ள, எனக்கு அது வரமாட்டீங்குது” என்று சொன்னபோது பாவாயக்கா அதற்கு ‘ம்’ சொல்லப் போனாள், அவளுக்கும் வரவில்லை.

ஊரில் ஒருத்தருக்கும் வரவில்லை. பேச்சு ஒழுங்காக வந்தது, பாட்டு வந்தது, இருமல் வந்தது, மரம் பழம் என்று சொல்லுக்குள்ளே இருக்கிற ‘ம்’ எல்லாம் சுத்தமாக வந்தது, தனியாக நிற்கிற அந்த ஒன்று மட்டும் போய்விட்டது. சுகாதார நிலையத்து டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார், ஊரே இரண்டு நாள் கொப்பளித்தது, இருக்கிற தண்ணீரும் அதில் தீர்ந்தது. கருப்பராயன் கோயிலில் பூ கேட்டார்கள், பூ விழவில்லை. போனில் பேசுகிறவர்கள் மறுமுனையில் சத்தம் வராமல், “ஹலோ, கேக்குதா, ஹலோ” என்று தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று கத்தினார்கள். மேற்கு வீதியில் நிச்சயம் பேச வந்த பெண் வீட்டு ஒறம்பரைகள், பெண்ணின் அருமை பெருமைகளைச் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை வீட்டார் கல்லாட்டம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ‘ம்’முக்குப் பதில் ‘ஆமா’ சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லித்தான் பார்த்தார்கள், சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆமா ஆமா என்றால் சொல்கிறவருக்குக் கேலி பண்ணுவதாகத்தானே படுகிறது, அதில் இரண்டு மண்டை உடைந்தது.

அப்புறம் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிற வழக்கம் வந்தது. ஒரு தட்டு என்றால் ஒரு ‘ம்’. சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு டங்கு டங்கென்று சத்தம். அந்த ஏற்பாடு பதினைந்து நாள் நன்றாகத்தான் ஓடியது, பாத்திரக்கடைக்காரர் மருமகன் கரண்டியை மேசை விசிறியில் கட்டிவிட்டு உள்ளே படுத்துத் தூங்கியதை அவன் பெண்டாட்டி கண்டுபிடிக்கிற வரைக்கும். அதன் பிறகு எந்தத் தட்டையும் யாரும் நம்பவில்லை. கேட்கிறாரா கேட்கவில்லையா, நடிக்கிறாளா நடிக்கவில்லையா, சொன்னது உள்ளே போனதா வெளியே நின்றதா என்று ஒவ்வொருத்தரும் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். நம்ம ‘ம்’மை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்காரன் எதற்கெல்லாம் நாம் ஒத்துக்கொண்டதாக எழுதிக்கொள்கிறானோ என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது, உலைவாயை மூடலாம் ஊர்வாயை மூட முடியுமா, கோகிலவாணி தெருவில் நடந்தால் பெண்கள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்கள்.

ஊர் அறிய ‘ம்’ மிச்சமிருந்தது இரண்டு வகை ஆட்களுக்கு. ஒன்று, போனைத் தொட விடாத சின்னப் பிள்ளைகள். இன்னொன்று, பொத்தான் வைத்த பழைய போனையே வைத்திருந்த ரங்கசாமி. ஊரே சந்தேகப்பட்ட அந்த மனுஷரிடம் இப்போது ஊரே வரிசையில் நின்றது. வால்வு ரூம் வாசலில் ஒவ்வொருத்தராக உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்ல, அவர் வால்வுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே ‘ம்’ சொல்வார், சொன்னவர்கள் கனம் குறைந்து எழுந்து போவார்கள். போய் வீடு சேர்வதற்குள், ‘எல்லாத்தையும் அந்தாள்கிட்டச் சொல்லிப்போட்டமே, என்னத்துக்கு இப்படிக் கேட்டுக்கறான்’ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கோகிலவாணிக்கு எல்லாரையும்விட முன்னாலேயே போய்விட்டது, ஆயிரக்கணக்கில் செலவழித்தவள் இல்லையா. அப்போது பள்ளிக்கூடம் பத்து நாள் லீவு. திறந்த மறுநாள் காலையில் மேகலை வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, “நேத்து சத்துணவுல முட்டை பத்தலம்மா” என்று தொடங்கி, நிறுத்தி, காத்திருந்தது. கோகிலவாணி தலையை ஆட்டினாள், முதுகுக்குக் கண்ணா இருக்கிறது. “சரி, அப்பறம்?” என்றாள். அது விசாரிக்கிற மாதிரி இருந்தது. பிள்ளை இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தது.

“நீ கேக்கல.”

“கேக்கறன் தங்கம்.”

“கேக்கல. முந்தியெல்லாம் கேப்ப.”

அடுத்த நாள் இரண்டு வாக்கியம், அதற்கடுத்த நாள் ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. சடை மட்டும் போட்டுக்கொண்டு எழுந்து போனது. ஒரு வாரம் கழித்துக் குளிக்க வைக்கும்போது கோகிலவாணி அந்தத் தடங்களைப் பார்த்தாள். இரண்டு கையிலும், சட்டைக் கை மறைக்கிற இடத்தில், கிள்ளிக் கிள்ளிக் கன்றிப்போன நீலம், ஒன்று இரண்டு இல்லை, எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. யார் என்று கேட்டாள், கெஞ்சினாள், அதட்டினாள். மேகலை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்து டீச்சரைச் சந்தேகப்பட்டாள், பாவாயக்காவின் மருமகளைச் சந்தேகப்பட்டாள், மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள்.

மேகலை நேரே வால்வு ரூமுக்குப் போனது. உள்ளேயிருந்து அதன் குரல் ஆறாட்டம் ஓடிவந்தது, இத்தனை நாள் அம்மாவிடம் சொல்லாத பேச்செல்லாம், நடுநடுவே ரங்கசாமியின் ‘ம்’, ‘ம்’. அம்மாவின் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது.

“எம்புள்ளைய இங்க வரவெச்சு என்ன பண்றீங்க?” என்றாள் கோகிலவாணி. வாசலில் பத்துப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“வந்து சொல்லுச்சு, கேட்டேன் அம்மிணி.”

“கையெல்லாம் எப்படிக் கன்றிப்போச்சு? என்ன சொல்லுச்சு உங்ககிட்ட?”

ரங்கசாமி மேகலையைப் பார்த்தார். மேகலை அவரைப் பார்த்தது.

“அதைய நான் சொல்ல மாட்டனுங்க.”

“ஊர்ல இருக்கறவங்க கதையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? சொல்ல மாட்டேன்னா என்ன அர்த்தம்?”

அர்த்தத்தை ஊர் அன்றைக்கே கண்டுபிடித்துக்கொண்டது. மறுநாள் ரங்கசாமி வாயில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வால்வு ரூம் கதவைச் சாத்திவிட்டார். ஊருக்குத் தெரிந்து பெரியவர்களிடம் இருந்த கடைசி ‘ம்’மும் அப்படி நின்றது, மேகலை அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் பேசவில்லை.

கோகிலவாணிக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. கதவைச் சாத்தினாலும் நின்று பார்த்தாள். எல்லாருக்கும் போயிருக்கிறதா, போகாத ஆள் ஒருத்தராவது இருக்கிறாரா, இருந்தால் அவர் மட்டும் என்ன செய்தார் என்று தேடினாள். பன்னிரண்டாம் நாள் தையல்காரர் மயில்சாமி வீட்டு ஜன்னலோரம் நடக்கும்போது, உள்ளே பெண்குரல் ஏதோ சொல்ல, ஆண்குரல் சன்னமாக, திருட்டுத்தனமாக ‘ம்’ என்றது.

கதவைத் தட்டியதும் மயில்சாமி தலையை மட்டும் நீட்டி வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். “வெளிய சொல்லிராதீங்க. எங்க ரெண்டு பேருக்கும் போகவே இல்லீங்க. காட்டினா, நீதாண்டா திருடிட்டேன்னு சொல்ல மாட்டாங்களா?”

“நீங்களும் காத்தாயி கதை கேட்டீங்கதானே?”

“கேட்டோம். அவ கதவுகிட்டயே நின்னுட்டாளா, இவ தெனமும் தொறந்தாளா தொறந்தாளான்னு என்னையப் போட்டுப் புடுங்குனா. ஒரு நாள் கோவத்துல நானே, ‘தொறந்தா, உள்ள ஒண்ணுமில்ல, ஊட்டுக்கு வந்து சோறாக்குனா, போய்ப் படு’ன்னு சொல்லிட்டனுங்க. அப்பறம் நாங்க போனை எடுக்கல.”

கோகிலவாணி அங்கேயே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் கொடுத்த ‘ம்’ அத்தனையும் அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் காத்தாயியோடு நின்றுகொண்டிருக்கிறது, கதவு திறக்காமல் ஒன்றும் வீடு திரும்பாது. சந்திரகாந்தைக் கூப்பிட்டு, முடிவைப் போட்டுவிடுங்கள் என்றாள். “அது இப்ப கம்பெனியோட முடிவு கோகிலா, அதையப் போட்டுட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?” என்றார் அவர், இன்னும் என்னென்னவோ சொன்னார், இந்தப் பக்கம் ‘ம்’ இல்லாததால், “லைன்ல இருக்கீங்களா, ஹலோ” என்றார். அவள் போனை வைத்தாள்.

அடுத்த தண்ணீர் நாள் காலையில், இரண்டு வீதியும் குடங்களோடு கூடி நின்ற பொதுக்குழாய் மேடையில் ஏறி, “காத்தாயி கதையோட முடிவைச் சொல்றனுங்க” என்றாள்.

“இதுல எங்ககிட்ட இன்னும் எதையப் புடுங்கப் போற?” என்றது ஒரு குரல். “இதுதான் நெசமான முடிவுன்னு எப்படி நம்பறது?” என்றது இன்னொன்று. “கம்பெனிக்காரன் சொல்லித்தான் ஏறியிருக்கா” என்றார்கள் பின்னாலிருந்தவர்கள். பாவாயக்காதான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லட்டும் உடுங்க, இனிப் போறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்குது” என்றாள்.

தொடங்கினாள். காத்தாயி தாழ்ப்பாளைத் தள்ளினாள் என்றாள், நிறுத்தினாள். ஐந்நூறு பேர், ஒரு சத்தம் இல்லை. தாழ்ப்பாள் நகர்ந்தது என்றாள். சத்தமில்லை. உம் கொட்டாத கூட்டத்துக்குமுன் கதை சொல்லி நின்றவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். எழுதி வைத்திருந்த முடிவு மறந்துபோனது. இறங்கிவிடலாம் என்று காலை எடுத்தாள்.

“ம்.”

கூட்டத்தின் ஓரத்தில், பாவாயக்காவின் குடத்துக்குப் பக்கத்தில், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேகலை நின்றிருந்தது. கேட்க ஆளில்லாமல் சொல்வது எப்படி இருக்கும் என்று அந்தக் கூட்டத்திலேயே அந்தப் பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும். கோகிலவாணி திரும்ப நிமிர்ந்தாள். எழுதிய முடிவு நினைவுக்கு வந்தது. கதவு திறந்ததும் தண்ணீர் பொங்கிக் காத்தாயி பின்னாலேயே ஊருக்கு வருவதாக அழகாக எழுதியிருந்தாள். ரங்கசாமி வாயில் கட்டிய துண்டோடு வால்வுச் சாவியைப் பிடித்து நின்றதைப் பார்த்ததும், அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“காத்தாயி தொறந்தா. அந்தப்பக்கம் இன்னொருத்தி, அவளும் இடுப்புல கொடத்தோட, அவளும் தாழ்ப்பாள்ல கைய வெச்சு நின்னுக்கிட்டு இருந்தா.”

“ம்.”

“அது வேற ஊரு. அவ ஊருக்கும் ஒம்போது நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி. மிச்ச எட்டு நாளும் தண்ணியக் காத்தாயிதான் திருடறான்னு நெனச்சு, புடிக்கறதுக்கு வந்தவ அவ.”

“ம்.”

“அவளுக்குப் பின்னால இன்னொரு கதவு, அதுக்கு அக்கட்டால இன்னொருத்தி. இப்படி எட்டு ஊரு. ஒருத்தி கொடத்துலயும் தண்ணி இல்ல. எல்லாரும் ஒருத்தர் கொடத்தை ஒருத்தர் எட்டிப் பாத்தாங்க. பாத்துட்டு அவங்கவங்க ஊட்டுக்குத் திரும்பிட்டாங்க. கதவைச் சாத்தல. அவ்வளவுதானுங்க.”

பிறகு குப்பண்ணன், “அப்பிடீன்னா எட்டு ஊருக்காரனும் நம்மளத்தான் திருடன்னு சொல்லிக்கிட்டு இருக்கானா?” என்று கேட்டார். பாவாயக்கா யோசனையாக, தன்னை அறியாமல், “ம்” என்றாள். அவள் வாயைப் பொத்துவதற்குள் பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, கிழக்கு வீதியில் இருபது, மேற்கு வீதியில் நூறு என்று ‘ம்’ கிளம்பி, குழாயில் தண்ணீர் வந்த சத்தம்கூட அதில் கேட்கவில்லை. சிலர் அழுதார்கள். சிலர், இது நம்முடைய பழைய ‘ம்’தானா, மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள், மேற்கு வீதி ‘ம்’ கொஞ்சம் கனமாக இருப்பதாகக் கிழக்கு வீதியில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு.

கோகிலவாணி ரங்கசாமியிடம் போய், “தப்பாப் பேசிட்டனுங்கண்ணா” என்றாள். அவர் துண்டை அவிழ்த்து, “ம்” என்றார். மன்னித்தாரா, கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொன்னாரா, அவளுக்குத் தெரியவில்லை. கம்பெனி அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தியது, காத்தாயியை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

அவளுடைய ‘ம்’ மட்டும் திரும்பவில்லை. ஊர்க்காரர்கள் கதை கேட்பதற்காகச் சொன்னார்கள், கதை முடிந்ததும் வந்துவிட்டது. அவள் சொன்ன ஆயிரமும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சொன்னவை, ஒன்றில்கூட அவள் எதையும் கேட்டிருக்கவில்லை, அவை எந்த வழியாகத் திரும்பும்?

மறுநாள் காலையில் மேகலை முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கோகிலவாணி எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வகிடு பிரித்து, ஒரு பக்கத்தைப் பின்ன ஆரம்பித்தாள். பாதிச் சடை வரைக்கும் பேச்சில்லை.

“உனக்கு இன்னும் வரலியா?”

“இல்ல தங்கம்.”

பிள்ளை பின்னாத பக்கத்து முடியை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தது.

“அப்பன்னா, நீ கேக்கறீன்னா சடைய ஒரு தடவை இழு.”

கோகிலவாணி இழுத்தாள்.

“மெதுவா. கிள்ளுனது ரங்கசாமி மாமா இல்ல.”

இழுத்தாள்.

“அவருகிட்டச் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்.”

இழுத்தாள்.

“எங்க கிளாஸ்ல எல்லாரும். உங்கம்மாதான எங்கம்மாவோட ‘ம்’மை எடுத்துட்டா, குடுடீன்னு வரிசையா நின்னு கிள்ளுனாங்க. நான் ஒவ்வொருத்தருக்கும் ஒரு ‘ம்’ சொன்னேன். வாங்கிக்கிட்டு, இது எங்கம்மாது இல்லைன்னு மறுபடியும் கிள்ளுனாங்க. அதைய உங்கிட்டச் சொல்லலாம்னுதான் அன்னிக்கு முட்டையிலிருந்து ஆரம்பிச்சேன்.”

சுவரைப் பார்த்தபடியே மேகலை காத்திருந்தது.

“அம்மா.”

“ஏஞ்சாமி.”

“நீ இழுக்கல.”

கோகிலவாணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுத்தாள்.